புதைபடிவம் தேடத் தொடங்குவோருக்கு: எந்தப் பாறை, என்ன உளி, எதை உடைக்கக் கூடாது

புதுக்கல் (இழையைத் தொடங்கியவர்)

புதைபடிவம் தேட ஆரம்பிக்கலாம் என்றிருக்கிறேன். படித்த அறிமுகங்கள் எல்லாம் "ஒரு சுத்தியலும் பொறுமையும் போதும்" என்பதோடு நின்றுவிடுகின்றன. எனக்கு வேண்டியது கணக்கான விவரம். போகும் முன்பே எந்த இடத்தில் கிடைக்கும் என்று தெரிந்துகொள்ள வழி உண்டா? சுத்தியல் என்ன எடை? உடைந்தால் எந்தப் பசை? வினிகரில் ஊறப்போட்டால் கல் கரைந்து படிவம் மட்டும் நிற்கும் என்கிறார்களே, சரியா? உருண்டையாக ஒரு கல் கிடைத்தால் அது முட்டையா, வெறும் கல்லா?

மண்ணடுக்கு

சுத்தியலைக் கடைசியில் வைத்துக்கொள்வோம். முதலில் வரைபடம்.

புவியியல் வரைபடம் என்று தனியே ஒன்று உண்டு. பல நாடுகளில் அரசின் புவியியல் ஆய்வுத் துறையே 1:50,000 அல்லது அதை ஒட்டிய அளவில் வெளியிடுகிறது. அதில் ஒவ்வொரு நிறமும் ஒரு பாறை அலகு. ஓரத்துக் குறிவிளக்கத்தில் அலகின் பெயர், பாறை வகை, காலம் மூன்றும் இருக்கும். கிரானைட், பசால்ட், நைஸ் என்று போட்டிருந்தால் அந்த நிறத்தின் பக்கமே போக வேண்டாம். உருகி உறைந்த பாறையிலும், வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருமாறிய பாறையிலும் படிவம் தப்பிப் பிழைப்பது அபூர்வம். சுண்ணாம்புக்கல், ஷேல் (தட்டுத் தட்டாகப் பிளக்கும் சேற்றுப் பாறை), களிக்கல், மணற்கல் ஆகிய படிவுப் பாறைகள்தான் நமக்கு.

அதிலும் எல்லாம் ஒன்றல்ல. பருமணலாலான மணற்கல் வேகமான நீரோட்டத்தில் படிந்தது. உடல்கள் உருண்டு நொறுங்கியிருக்கும். பிற்பாடு மணிகளுக்கிடையே நீர் புகுந்து ஓட்டைக் கரைத்துவிடுவதால், பல இடங்களில் ஓடு இருந்த வெற்றிடம், அதாவது அச்சு மட்டும்தான் மிஞ்சும். நுண்ணிய சேறு படிந்து உறைந்த ஷேலில் இலை நரம்பு வரை பதிந்திருக்கும். சுண்ணாம்புக்கல்லில் எண்ணிக்கை அதிகம், ஆனால் படிவமும் பாறையும் ஒரே கால்சைட் (சுண்ணாம்புக் கனிமம்) என்பதால் பிரித்தெடுப்பது பெரும்பாடு. ஆரம்பத்துக்கு ஷேலும் மென்மையான களியும் நல்லது.

காலத்தையும் பாருங்கள். ட்ரைலோபைட்டுகள் (கணுக்கணுவான ஓடுள்ள பழங்காலக் கடலுயிரிகள்) சுமார் 52 கோடி ஆண்டுகளுக்கு முன் தோன்றி, 25.2 கோடி ஆண்டுகளுக்கு முன் அற்றுப்போயின. சுருள் ஓடுள்ள கடலுயிரிகளான அம்மோனைட்டுகள் அற்றுப்போனது 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன்பு. வரைபடம் கிரெட்டேசியஸ் (டைனோசர்களின் கடைசிக் காலம், ட்ரைலோபைட் அற்றுப்போய் வெகுகாலத்துக்குப் பின்) என்று சொல்லும் இடத்தில் ட்ரைலோபைட் தேடுவது வீண். அங்கே "ட்ரைலோபைட்" என்று எதையாவது யாராவது நீட்டினால் அது வேறெங்கிருந்தோ வந்தது, இல்லையென்றால் ட்ரைலோபைட்டே இல்லை.

களத்துக்குப் போனதும் பாறை வெளியே தெரியும் இடம் வேண்டும்: ஆறு அரித்த கரை, ஓடைப் படுகை, கடலோரச் செங்குத்து, அனுமதி கிடைத்தால் குவாரியின் கழிவுக் குவியல். நேராகச் சுவரிடம் போகாதீர்கள். அடியில் உதிர்ந்து கிடக்கும் சில்லுகளைத்தான் முதலில் பார்க்க வேண்டும். மழையும் வெயிலும் உங்களுக்காக உடைத்து வைத்தவை அவை. சில்லில் ஓட்டுத்துண்டு இருந்தால் அதே மாதிரிச் சில்லுகளைப் பின்பற்றிச் சரிவில் மேலேறுங்கள். எந்த உயரத்துக்கு மேல் அவை தென்படவில்லையோ, அந்த இடத்தில்தான் மூல அடுக்கு இருக்கும்.

காலை அல்லது மாலைச் சாய்வெயிலில் தேடுங்கள். உச்சிவெயிலில் தட்டையாகத் தெரியும் கல், சாய்வெயிலில் வரி வரியாக நிழல் காட்டும். கண் பிடிக்க வேண்டியது முழு உருவத்தை அல்ல. சீரான இடைவெளியில் வரும் கோடு, இரு பக்கமும் ஒத்த வளைவு, சுற்றியுள்ள கல்லைவிட வழவழப்பான ஒரு திட்டு, இந்த மூன்றையும்தான். நின்றுகொண்டு பார்த்தால் இதெல்லாம் தெரியாது. மண்டியிட்டு, ஒரு சதுர மீட்டருக்கு ஐந்து நிமிடமாவது கொடுங்கள்.

உளிச்சத்தம்

மேலே சொன்னது எல்லாம் சரி. ஆனா சுத்தியலைக் கடைசின்னு தள்ளிட்டா புதுசா வர்றவங்க வீட்டுல இருக்குற ஆணியடிக்கிற சுத்தியலை எடுத்துட்டுக் கிளம்பிடுவாங்க. அதுதான் ஆபத்து. தச்சுச் சுத்தியலோட முகம் ஆணிக்குப் பதம் போட்டது. கல்லுல அடிச்சா ஓரம் சில்லாத் தெறிக்கும், கண்ணுக்குத்தான் வரும்.

வாங்க வேண்டியது புவியியல் சுத்தியல். தலையும் பிடியும் ஒரே எஃகுத் துண்டா இருக்குறது நல்லது. 450 முதல் 650 கிராம் வரைக்கும் போதும். பின்பக்கம் கூர் முனை இருந்தா கெட்டிப் பாறைக்கு. உளி மாதிரி தட்டை விளிம்பு இருந்தா ஷேலுக்கு. ஒண்ணுதான் வாங்கணும்னா தட்டை விளிம்பு.

உளி அடிக்கிறதுக்கு இந்தச் சுத்தியல் கிடையாது. அதுக்குத் தனியா 1 கிலோ குட்டிச் சம்மட்டி. உளி மூணு: 12 மி.மீ. ஒண்ணு, 25 மி.மீ. ஒண்ணு, ஷேல் பிளக்க 60 மி.மீ. அகல உளி ஒண்ணு. இரும்பு வெட்டுற உளியாப் பார்த்து வாங்குங்க, மரவேலை உளி ஒரே அடியில மழுங்கிடும். உளித்தலை அடி வாங்கி வாங்கிக் காளான் மாதிரி விரிஞ்சா, அந்த விளிம்பைச் சாணை பிடிச்சு எடுத்துடுங்க. அந்த விளிம்பு பிய்ஞ்சு பறக்கும். ஒரு சுத்தியலை வெச்சு இன்னொரு சுத்தியலை அடிக்கிறது எப்பவுமே கூடாது, ரெண்டுமே கெட்டி எஃகு.

பக்கவாட்டையும் மூடுற பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம். பக்கத்துல வேடிக்கை பார்க்குறவருக்கும்தான்.

லென்ஸ் 10 மடங்கு. நிறைய பேர் கல்லுக்குப் பக்கத்துல லென்ஸைப் பிடிச்சுட்டு எட்ட நின்னு பார்ப்பாங்க. அப்படி இல்ல. லென்ஸைக் கண்ணோட ஒட்டிப் பிடிச்சு, கல்லை மெல்ல மெல்லக் கண்கிட்டக் கொண்டு வரணும். ரெண்டரை சென்டிமீட்டர் தூரத்துல தெளிவாகும்.

மத்தது சில்லறை: செய்தித்தாள், டிஷ்யூ ரோல், ஜிப் பை, பென்சில், அழியாத மார்க்கர், நோட்டு. டிஷ்யூ ஒண்ணுக்கு ரெண்டா எடுத்துக்கங்க.

புதுக்கல்

ஷேலை எப்படிப் பிளப்பது? அடித்தால் பொடியாகத்தான் போகிறது.

உளிச்சத்தம்

தட்டையாப் படுக்க வெச்சு மேல அடிச்சிருப்பீங்க. பலகையை விளிம்புல நிறுத்துங்க, புத்தகத்தை அலமாரியில நிறுத்துற மாதிரி. அடுக்குக் கோடுகள் இப்ப மேலிருந்து கீழா ஓடும். அகல உளியை ஒரு கோட்டு மேல வெச்சு மெதுவாத் தட்டுங்க. ஒரே இடத்துல பலமா அடிக்காம, கோட்டோட நீளத்துக்கு உளியை நகர்த்தி நகர்த்தி, நாலு பக்கமும் சுத்தி வாங்க. முதல்ல 'டங் டங்'னு கேக்கும். அடுக்கு விடத் தொடங்கினதும் சத்தம் 'டொக்'னு தொய்ஞ்சு போகும். அப்ப நிறுத்திட்டுக் கையால விரிச்சுப் பாருங்க.

மொதல்ல நடுவுல பிளக்கணும், அப்புறம் ஒவ்வொரு பாதியையும் திரும்ப நடுவுல. ஓரத்துலேர்ந்து மெல்லிசா உரிக்கப் பார்த்தா மெல்லிசுப் பக்கம் நொறுங்கிடும். ஷேல் ரொம்ப ஈரமா இருந்தா மாவாகும், எலும்பாக் காய்ஞ்சிருந்தா தாறுமாறா விரியும். வெட்டி எடுத்த அன்னைக்கே பிளக்குறது உத்தமம்.

பிளந்தா ரெண்டு முகம் கிடைக்கும், ஒண்ணுல மேடு, ஒண்ணுல பள்ளம். ரெண்டையும் வெச்சுக்கங்க. பள்ளமா இருக்குற பக்கத்தைத் தூக்கிப் போடுறதுதான் புதுசா வர்றவங்க பண்ற பெரிய நஷ்டம். பல சமயம் நுணுக்கம் அதுலதான் இருக்கும்.

மண்ணடுக்கு

ஷேலுக்குள் கிடக்கும் உருண்டைக் கற்களுக்கு வேறு முறை. அழுகும் உடலைச் சுற்றி இரும்புக் கார்பனேட்டோ கால்சைட்டோ சேர்ந்து கெட்டியாகி உருவானவை அவை. உள்ளே எதுவும் இல்லாதவையே அதிகம், ஆனால் இருப்பது நசுங்காமல் இருக்கும். முட்டை வடிவக் கல்லை நீளவாக்கில் நிறுத்தி, அதன் அகன்ற விளிம்பைச் சுற்றித் தட்ட வேண்டும். படிவம் இருந்தால் அந்தத் தளம்தான் பலவீனமானது.

சுத்தியலே இல்லாமலும் செய்யலாம். அமெரிக்காவின் இல்லினாய்ஸில் மேசன் க்ரீக் என்ற இடத்தின் சுமார் 31 கோடி ஆண்டுப் பழைமையான இரும்புக்கல் உருண்டைகளை அப்படித்தான் திறக்கிறார்கள். மூடாத பிளாஸ்டிக் வாளியில் ஒரு வாரமாவது நீரில் ஊறவிட்டு, அப்படியே உறைபெட்டியில் வைத்து முழுவதும் உறைந்ததும் எடுத்து, உருகவிட்டு, மறுபடி உறையவிட வேண்டும். நீர் உறையும்போது சுமார் 9 சதவீதம் விரிவதால் பலவீனமான தளம் வழியே தானாக விரிசல் விடும். சில ஐந்து சுற்றில் திறக்கும், சில முப்பது சுற்றுக்கும் அசையாது. விரிசல் தெரிந்தபின் விளிம்பில் லேசாக ஒரு தட்டு போதும். கண்ணாடிப் பாத்திரம் வேண்டாம், கல்லுக்கு முன் அது உடையும்.

ஓதக்கரை

கடற்கரையில் தேடுவோருக்குச் சில. செங்குத்துக் கரையின் அடியைத் தோண்டாதீர்கள், அடியில் உட்காராதீர்கள். மழைக்குப் பிறகும் நீண்ட வறட்சிக்குப் பிறகும் களிமண் கரை சரியும். இங்கிலாந்தின் லைம் ரீஜிஸ் கரையில் 1811-12இல் இக்தியோசர் என்ற கடல் ஊர்வனத்தின் படிவத்தை வெளிக்கொண்டு வந்த மேரி ஆனிங்கே 1833இல் ஒரு சரிவில் நூலிழையில் தப்பினார். உடன் வந்த அவருடைய நாய் ட்ரே மண்ணுக்குள் போய்விட்டது. நாள்தோறும் அந்தக் கரையைப் பார்த்துக்கொண்டிருந்தவரின் கதை இது. சரிந்து கிடக்கும் பழைய குவியலும் கரையோரக் கூழாங்கல் பரப்புமே போதுமான அளவு தரும்.

ஓத (கடல்நீர் ஏறி இறங்கும் நேர) அட்டவணையைப் பார்த்து, நீர் இறங்கிக்கொண்டிருக்கும்போது கிளம்புங்கள். தாழ்ந்த நேரத்துக்கு முன்பே திரும்பத் தொடங்க வேண்டும், ஏனென்றால் ஏறும் நீர் முதலில் கடலுக்குள் நீட்டிய முனைகளைத்தான் மூடும். நீங்கள் நடுவில் குடாவில் மாட்டிக்கொள்வீர்கள்.

கடல் கல்லில் உப்பு ஊறியிருக்கும். அப்படியே உலரவிட்டால் உப்பு உள்ளே படிகமாகி மேற்பரப்பைச் செதில் செதிலாக உரிக்கும். நன்னீரில் போட்டு நாள்தோறும் நீரை மாற்றுங்கள். பத்து நாள், இரண்டு வாரம், பெரிய கல்லுக்கு மேலும் ஆகும். நிறுத்துவது எப்போது என்று ஊகிக்க வேண்டாம். குடிநீர் சோதிக்கும் டிடிஎஸ் மீட்டர் ஒன்று இருந்தால், ஒரு நாள் ஊறிய நீரின் எண்ணும் குழாய் நீரின் எண்ணும் கிட்டத்தட்ட ஒன்றாகும்வரை தொடருங்கள்.

பால்டிக் கரையில் அம்பர் (கல்லாகிப்போன மரப்பிசின்) பொறுக்குவோருக்கு ஒரு எச்சரிக்கை, முக்கியமாக ஜெர்மனி-போலந்து எல்லையில் உள்ள உசேடம் தீவில். இரண்டாம் உலகப் போரின் தீக்குண்டுகளிலிருந்து வந்த வெண்பாஸ்பரஸ் துண்டுகளும் அங்கே கரை ஒதுங்கும். பார்க்க அம்பர் போலவே மஞ்சளாக இருக்கும். சட்டைப்பையில் போட்டால் ஈரம் காய்ந்து உடல் சூட்டில் தீப்பற்றும். பொறுக்கியதை உலோக டப்பாவில்தான் போட வேண்டும். அம்பரா என்று பார்க்க, கால் லிட்டர் நீரில் 50 கிராம் உப்பைக் கரைத்துப் போட்டுப் பாருங்கள். அம்பர் மிதக்கும், கண்ணாடியும் பேக்கலைட்டும் மூழ்கும். சில பிளாஸ்டிக்குகளும் மிதக்கும் என்பதால் இது பாதிச் சோதனைதான்.

பசைக்கிண்ணம்

வினிகர் கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை. போடாதீர்கள். வினிகர் கால்சைட்டைக் கரைக்கும். சிப்பி, அம்மோனைட், கிரினாய்டு (தண்டுள்ள கடல் அல்லி), பிராக்கியோபாட் (சிப்பி போன்ற இரட்டை ஓட்டுக் கடலுயிரி) எல்லாம் பெரும்பாலும் கால்சைட்தான். கல்லோடு சேர்ந்து படிவமும் போகும், முதலில் போவது மேற்பரப்பின் நுணுக்கம். படிவம் சிலிக்காவாக மாறியிருந்து, பாறை சுண்ணாம்பாக இருந்தால் மட்டுமே அமிலம் பயன்படும். எலும்பும் பல்லும் பாஸ்பேட் என்பதால் அருங்காட்சியகங்களில் நீர்த்த அசிட்டிக் அமிலத்தைப் பயன்படுத்துகிறார்கள். ஆனால் அதற்கு, அமிலம் எலும்பையே தாக்காமல் தடுக்கும் தாங்கல் உப்பு சேர்க்க வேண்டும், சில மணி நேரத்துக்கு ஒருமுறை எடுத்துக் கழுவ வேண்டும், வெளிப்பட்ட எலும்பை அவ்வப்போது பூச்சு போட்டுக் காக்க வேண்டும். தொடக்கத்தில் தொட வேண்டியதில்லை. ஒரு துளி விட்டுப் பொங்குகிறதா என்று பாறையைச் சோதிக்கலாம், அதுவும் படிவம் இல்லாத மூலையில்.

சுத்தம் செய்யும் கருவிகள் எளிமையானவை: பழைய பல் துலக்கி, பிடியில் பொருத்திய தடித்த ஊசி, கல்லை அசையாமல் தாங்க மணல் நிரப்பிய துணிப்பை. ஊசியைப் படிவத்தின் மேல் சாய்த்துச் சுரண்டினால் கீறல் விழும். படிவத்துக்குச் சற்று மேலே உள்ள பாறையில் குத்தி, வெளிப்பக்கமாக நெம்புங்கள். பல பாறைகளில் படிவத்தின் தோலோடு ஒட்டிய பாறை மணி மணியாகத் தெறித்து விலகும். அப்படி விலகாமல் ஒட்டிக்கொண்டால் அன்றைக்கு நிறுத்திவிடுவது நல்லது. முதல் பத்து மணி நேரம் உடைந்த, உதவாத துண்டுகளில் கழியட்டும்.

களத்தில் எதையும் சுத்தம் செய்ய வேண்டாம். சுற்றியுள்ள பாறைதான் வீடு வரும்வரை அதற்குப் பெட்டி.

பசை: பாராலாய்டு பி-72. குருணையாக வரும் அக்ரிலிக் பிசின், அசிட்டோனில் கரையும். 100 மி.லி. அசிட்டோனுக்கு 5 கிராம் போட்டால் பொடிந்து உதிரும் எலும்பையும் சிப்பி ஓட்டையும் உள்ளிருந்து கெட்டியாக்கும். ஒட்டுவதற்குத் தேன் பதம் வேண்டும், அசிட்டோனுக்குச் சரிபாதி எடை பிசின். குருணையை அடியில் கொட்டினால் கட்டியாகி ஒட்டிக்கொள்ளும். மெல்லிய துணியில் முடிந்து அசிட்டோனுக்குள் தொங்கவிட்டால் ஒரே நாளில் கரையும். கண்ணாடிக் குப்பி, உலோக மூடி. காற்றோட்டம் வேண்டும், அருகில் நெருப்பு கூடாது.

கல் முழுதாக உலர்ந்திருக்க வேண்டும். ஈரத்தின் மேல் தடவினால் பால் போல வெளுக்கும். இன்னொன்று, இந்தப் பிசின் சுமார் 40 டிகிரி செல்சியஸில் இளகத் தொடங்கும். ஒட்டிய மாதிரியை வெயிலில் நிற்கும் வண்டிக்குள் விட்டுவிட்டுப் போனால் இணைப்பு நழுவும்.

உளிச்சத்தம்

களத்துல நின்னு குருணை கரைச்சுட்டு இருக்க முடியுமா? விரிசல் விட்ட கல்லைத் தூக்கும்போதே நாலா உடையும். தண்ணி மாதிரி ஓடுற சூப்பர் க்ளூ ஒரு சொட்டு விட்டா விரிசலுக்குள்ள தானா இறங்கி அரை நிமிஷத்துல பிடிச்சுக்கும்.

பசைக்கிண்ணம்

பிடிக்கும், அதை மறுக்கவில்லை. பிடித்தபின் விடாது என்பதுதான் சிக்கல். துண்டு அரை மில்லிமீட்டர் விலகி ஒட்டிவிட்டால் ஆழத்தில் இறங்கியதைக் கரைத்தெடுக்க முடியாது, களிமண்ணையும் சேர்த்துப் படிவத்தின் மேல் நிரந்தரமாகப் பூசிவிடும். பி-72 அசிட்டோன் பட்டால் எப்போதும் திரும்பக் கரையும். களத்துக்குக் கரைசலை முன்கூட்டியே சிறு குப்பியில் எடுத்துப் போகலாமே. அதுவும் இல்லையென்றால் உடைந்த துண்டுகளைத் தனித்தனியாக டிஷ்யூவில் சுற்றி ஒரே பையில் போடுங்கள். உடைந்த முகங்கள் ஒன்றோடொன்று உரசாமல் இருந்தால் வீட்டில் மயிரிழை தெரியாமல் பொருந்தும்.

உளிச்சத்தம்

சரி, முகங்கள் பொருந்துற உடைசலுக்கு உங்க வழி. பொலபொலன்னு உதிர்ற கல்லுக்கு நான் க்ளூவை விடுறதா இல்ல.

பசைக்கிண்ணம்

விட்டுவிட்டால் லேபிளில் எழுதிவையுங்கள், எந்தப் பசை, எந்தத் தேதி என்று. பின்னால் வேலை செய்பவர் திட்டாமல் இருப்பார்.

பைரைட் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பொன்னிறமாக மினுங்கும் அம்மோனைட் கிடைத்தால் மகிழ்ச்சிதான், ஆனால் அது இரும்பு சல்ஃபைடு. காற்றின் ஈரப்பதம் 60 சதவீதத்தைத் தாண்டினால் ஆக்சிகரணம் வேகமெடுக்கும். சாம்பல் அல்லது மஞ்சள் பொடி பூக்கும், கந்தக நெடி அடிக்கும், உருவாகும் சல்ஃபேட் அதிக இடம் கேட்பதால் கல் வெடிக்கும். கூடவே வரும் கந்தக அமிலம் லேபிளையும் அட்டைப்பெட்டியையும் அரிக்கும். எனவே பைரைட்டை வாரக்கணக்கில் ஊறப்போடாதீர்கள். விரைவாகக் கழுவி, அசிட்டோனில் முக்கி ஈரத்தை வெளியேற்றி, உலர்த்தி, சிலிக்கா ஜெல்லோடு காற்றுப்புகாத டப்பாவில் வையுங்கள். ஈரப்பதம் 45 சதவீதத்துக்குக் கீழே இருக்கட்டும். நோய் கண்டதை மற்றவற்றிடமிருந்து பிரித்து வையுங்கள். தொற்றாது, ஆனால் அமிலம் பக்கத்தில் உள்ளதையும் கெடுக்கும்.

ஓதக்கரை

இங்கே நான் சொன்னதைத் திருத்திக்கொள்கிறேன். இரண்டு வாரம் ஊறவிடுவது பைரைட் இல்லாத கல்லுக்கு மட்டும்.

சல்லடை

சுத்தியலே தேவைப்படாத ஒரு பக்கமும் இருக்கிறது, நுண்படிவம். ஒரு கைப்பிடிக் களிமண்ணில் நூற்றுக்கணக்கான ஃபொராமினிஃபெரா (ஒற்றைச் செல் கடலுயிரி) ஓடுகள் இருக்கலாம்.

அரைக் கிலோ களியை எடுத்து, முதலில் முற்றிலும் உலர்த்துங்கள். பலர் ஈரக்களியை நேராக நீரில் போட்டுக் கரைக்கப் பார்ப்பார்கள், அது பிசுபிசுத்துக்கொண்டே இருக்கும். உலர்ந்த களிக்குள் நீர் வேகமாகப் புகும்போது கட்டி தானே சிதறும். சுடுநீர் ஊற்றி, ஒரு கரண்டி வாஷிங் சோடா சேர்த்து ஓரிரவு விட்டுவிடுங்கள். பிறகு 0.063 மி.மீ. கண்ணுள்ள சல்லடையில் மெல்லிய நீர்த்தாரையில் கழுவி, கீழே ஓடும் நீர் தெளியும்வரை தொடருங்கள். விரலால் தேய்த்தால் ஓடுகள் நொறுங்கும். மிஞ்சியதை உலர்த்தி, கறுப்புத் தட்டில் ஒற்றைப் படலமாகத் தூவி, 20 முதல் 40 மடங்கு நுண்ணோக்கியின் கீழே 000 எண் தூரிகையின் ஈர நுனியால் ஒவ்வொன்றாக ஒற்றி எடுக்கலாம். சுறாப்பல், மீன்பல் மட்டும்தான் நோக்கம் என்றால் 1 மி.மீ. சல்லடையும் லென்ஸும் போதும்.

ஒரு மாதிரிக்கும் அடுத்ததுக்கும் இடையே சல்லடையை மெத்திலீன் நீலம் என்ற சாயக் கரைசலில் முக்குங்கள். கண்ணில் சிக்கிய பழைய ஓடு நீலமாகிவிடும்; அடுத்த மாதிரியில் நீல ஓடு வந்தால் அது முந்தையதிலிருந்து தப்பி வந்தது என்று தெரியும். களி நீரை வீட்டுச் சாக்கடைக் குழாயில் ஊற்றாதீர்கள், வாளியில் தெளியவிட்டு மேல்நீரை மட்டும் கொட்டுங்கள். குழாய் அடைத்தால் அதை எந்த உளியும் திறக்காது.

புதுக்கல்

முட்டைக் கேள்வி பாக்கி. கூடவே, சிப்பி மாதிரித் தெரிவதெல்லாம் சிப்பிதானா?

மண்ணடுக்கு

உருண்டையாக இருப்பது முட்டைக்கு ஆதாரமே இல்லை. கிட்டத்தட்ட எல்லாமே மேலே சொன்ன கெட்டிப்பட்ட உருண்டைகள்தான். முட்டை என்றால் ஓடு இருக்க வேண்டும். மெல்லிய, சீரான தடிமனுள்ள ஒரு படலம், அதன் மேல் புள்ளி புள்ளியாக அல்லது மேடு பள்ளமாக ஒரு வேலைப்பாடு, லென்ஸில் காற்றுத் துளைகள். உடைந்த குறுக்குவெட்டில் வெளியிலிருந்து உள்வரை வெங்காயம் போல வளையங்கள் தெரிந்தால் அது உருண்டைக் கல்.

இன்னொரு பெரிய ஏமாற்று, கல்லில் படர்ந்த கறுப்புச் செடி. ஜெர்மனியின் ஸோல்ன்ஹோஃபன் சுண்ணாம்புப் பலகைகளில் நிறைய உண்டு. மாங்கனீசு, இரும்பு ஆக்சைடு விரிசல் வழியாக ஊடுருவிக் கிளைத்தது அது. நடுநரம்பு இருக்காது, கிளைகள் எல்லாம் விரிசலின் விளிம்பிலிருந்து கிளம்பும், இலைக்குரிய ஓரம் என்று ஒன்று இருக்காது.

எலும்பா என்றால் உடைந்த முகத்தை லென்ஸில் பாருங்கள். வெளியே அடர்த்தியான தோல், உள்ளே பஞ்சு போன்ற துளைகள். ஃபிளின்ட் (சக்கிமுக்கி) கற்கள் மூட்டு எலும்பு மாதிரியே வளைந்திருக்கும், ஆனால் உடைத்தால் கண்ணாடி போல வழவழ.

சிப்பியில் குழப்புவது பிராக்கியோபாட். மட்டி, சிப்பி ஆகிய இருவோட்டிகளில் வலது ஓடும் இடது ஓடும் பெரும்பாலும் ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பம், ஆனால் ஒரு ஓட்டை மட்டும் எடுத்தால் அது ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். பிராக்கியோபாட்டில் ஒவ்வொரு ஓடும் நடுக்கோட்டில் மடித்தால் பொருந்தும், ஆனால் மேல் ஓடும் கீழ் ஓடும் அளவில் வேறுபடும். ஆய்ஸ்டர் வகைகள் இந்த விதிக்குக் கட்டுப்படாது, ஓடுகள் கோணல்மாணலாக வளரும்.

துப்பாக்கிக் குண்டு போன்ற வழவழப்பான கூர்ங்கல் பெலெம்னைட், கணவாய் போன்ற பழங்கால உயிரியின் உள்ளோடு. உடைந்த முனையில் நடுவிலிருந்து வெளியே ஆரமாகப் பரவும் கால்சைட் ஊசிகள் தெரியும். நடுவில் துளையோடு நாணயம் போன்ற குட்டி வட்டுகள், சிலவற்றில் நட்சத்திரத் துளை, கிரினாய்டுத் தண்டின் கணுக்கள். முதல் நாளில் பலருக்குக் கிடைப்பது இந்த வட்டுகளும் சிப்பியும்தான்.

ஓதக்கரை

அனுமதி பற்றியும் எழுதிவிடுவோம். நிலத்துக்குச் சொந்தக்காரரைக் கேட்காமல் இறங்கக் கூடாது என்பது எங்கும் பொது. அதற்கு மேல் நாட்டுக்கு நாடு மாறும். அமெரிக்கக் கூட்டாட்சி நிலத்தில் 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி முதுகெலும்பிப் படிவங்களை அனுமதிச்சீட்டு இல்லாமல் எடுக்க முடியாது. நில மேலாண்மைப் பணியகத்தின் நிலங்களில் சாதாரணச் சிப்பி, இலைப் படிவங்களைச் சொந்த உபயோகத்துக்குக் கொஞ்சம் எடுக்கலாம். கனடாவின் ஆல்பர்ட்டாவில் தரையில் கிடப்பதை எடுத்து வைத்துக்கொள்ளலாம், உரிமை மாகாணத்துக்குத்தான். தோண்டச் சீட்டு வேண்டும். பிரேசிலிலும் மங்கோலியாவிலும் படிவம் அரசின் சொத்து. போகும் இடத்தின் சட்டத்தைப் படித்துவிட்டுப் போங்கள். தேசியப் பூங்கா, பாதுகாக்கப்பட்ட இடம் என்றால் சில்லுகூட எடுக்க வேண்டாம்.

எலும்பு வரிசையாகத் தெரிந்தால் தோண்டாதீர்கள். அளவுகோல் வைத்து அருகிலிருந்து ஒரு படம், சுற்றுப்புறம் தெரியத் தள்ளி நின்று ஒரு படம், ஜிபிஎஸ் எண். பிறகு மண்ணால் லேசாக மூடிவிட்டு அருகிலுள்ள அருங்காட்சியகத்துக்கோ பல்கலைக்கழகப் புவியியல் துறைக்கோ தெரிவியுங்கள். எலும்புகள் ஒன்றுக்கொன்று எப்படிக் கிடந்தன என்பது தோண்டியதும் போய்விடும்.

புதுக்கல்

லேபிளில் என்னவெல்லாம் எழுத வேண்டும்? இடமும் தேதியும் போதுமா?

பசைக்கிண்ணம்

எண், தேதி, அட்சரேகை, தீர்க்கரேகை, பாறை அலகின் பெயர், அடையாளம் தெரியும் ஓர் அடுக்கிலிருந்து எத்தனை சென்டிமீட்டர் மேலே அல்லது கீழே, அடுக்கிலிருந்து எடுத்ததா உதிர்ந்து கிடந்ததா. கடைசிக் கேள்வியைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். உதிர்ந்து கிடந்தது என்றால் அதன் அடுக்கு ஊகம்தான், அதை அப்படியே எழுதுங்கள். ஜிபிஎஸ் எண்ணில் தசமத்துக்குப் பின் ஐந்து இலக்கம் எழுதினால் சுமார் ஒரு மீட்டர் துல்லியம். மூன்றோடு நிறுத்தினால் சுமார் நூறு மீட்டர் வரை பிசகலாம்.

காகிதம் மட்டும் போதாது, பிரிந்துபோகும். கல்லின் மேலும் எண் வேண்டும். படிவம் இல்லாத மூலையில் பி-72 ஒரு பூச்சு, உலர்ந்ததும் மேலே வெள்ளை அக்ரிலிக் ஒரு சிறு பட்டை, அதன் மேல் இந்தியன் இங்க்கில் எண், அதற்கு மேல் மறுபடி பி-72.

புதுக்கல்

மார்க்கரால் நேராகக் கல்லில் எழுதினால்?

பசைக்கிண்ணம்

நுண்துளைக் கல்லில் மை உள்ளே பரவும், பிறகு எடுக்க வராது. வெளிச்சத்தில் சில வருடங்களில் மங்கியும் போகும். மார்க்கர் பையின் மேல் எழுத மட்டும். பைக்குள் போடும் சீட்டுக்குப் பென்சில். ஈரக்கல்லோடு கிடந்தாலும் அழியாது.

உளிச்சத்தம்

சீட்டைத் தனியா ஒரு குட்டிப் பையில போட்டு உள்ள வைங்க. ஈரக் களியோட போட்டா எழுத்து அழியாது, காகிதம் கூழாயிடும்.